ஒடிசா நிலக்கரி கடல் சுற்றி மேட்டூர் வருவது ஏன்? மின்வாரியம் நிலக்கரி வாங்குகிற விதம் பற்றி ஒரு கேள்வி

ஓமலூரான்:

வணக்கம். நான் ஓமலூர் பக்கம். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிப் போகிற கூட்ஸ் எங்கள் ஊர் ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் போகும். கேட் விழுந்தால் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு அத்தனை வேகனும் போய் முடிகிறவரை நிற்க வேண்டியதுதான். ஒருநாள் அப்படி நின்றபோது பக்கத்தில் நின்ற பெரியவர் "இதெல்லாம் எண்ணூர் ஹார்பர்லேர்ந்து வருது" என்றார். எண்ணூரில் ஏது சுரங்கம் என்று வீட்டுக்கு வந்து தேடினால், ஒடிசாவில் வெட்டி, ரயிலில் ஏற்றி, துறைமுகத்தில் இறக்கி, கப்பலில் ஏற்றி, எண்ணூரில் இறக்கி, மறுபடியும் ரயிலில் ஏற்றி மேட்டூருக்கு அனுப்புகிறார்கள் என்று போட்டிருக்கிறது. இத்தனை ஏற்று இறக்கு எதற்கு? ஒடிசாவிலிருந்து நேராக ரயிலிலேயே வந்துவிட முடியாதா?

இன்னொன்று, நம் நாட்டிலேயே இவ்வளவு நிலக்கரி இருக்கும்போது இந்தோனேசியாவிலிருந்து ஏன் வாங்க வேண்டும், எல்லாம் கமிஷன்தானா? அதைவிட, நெய்வேலி இங்கேயே இருக்கிறதே, அதை மேட்டூரில் போட்டு எரித்தால் ஆகாதா? வாட்ஸ்அப் ஃபார்வர்டு வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் போதும்.

பழைய பாய்லர்:

தம்பி, அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவன் நான். கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் சுலபம்.

நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி. அதில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ரயிலில் ஏற்றி மேட்டூர் கொண்டுவந்தால் பாதி வாடகை தண்ணீருக்குக் கொடுத்ததாகிவிடும், போதாததற்கு மேட்டூர் பாய்லர் அதை எரிக்கிற மாதிரி கட்டப்பட்டதே இல்லை. அதனால்தான் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே மின்நிலையம் வைத்து அங்கேயே எரித்துவிட்டு கரண்டாக அனுப்புகிறார்கள். நம் வாரியம் நெய்வேலியிடம் வாங்குவது மின்சாரத்தை, நிலக்கரியை அல்ல.

இப்போது வாரியத்தின் சொந்த நிலையங்கள். தூத்துக்குடி 1,050 மெகாவாட், மேட்டூர் இரண்டு நிலையும் சேர்த்து 1,440, வடசென்னை முதல் இரண்டு நிலைகள் 1,830. மொத்தம் 4,320. (வடசென்னை மூன்றாம் நிலை 800 மெகாவாட் 2024-ல்தான் வந்தது, அதைச் சேர்க்கவில்லை. பழைய எண்ணூர் நிலையத்தை 2017-ல் மூடியாகிவிட்டது.) இந்த 4,320-ம் முழு மூச்சாக ஓடினால் ஒரு நாளைக்கு 72,000 டன் நிலக்கரி வேண்டும். மேட்டூருக்கு மட்டும் 24, 25 ஆயிரம் டன். ஒரு ரேக்கில் (ஒரு முழு கூட்ஸ் வண்டி) 58, 59 வேகன், கிட்டத்தட்ட 3,800 டன் என்று வைத்துக்கொள், உன் கேட் ஒரு நாளில் ஆறேழு தடவை எதற்கு விழுகிறது என்று புரியும். காலி ரேக் திரும்புவது வேறு.

இந்த நிலக்கரியைக் கடையில் போய் வாங்குகிற மாதிரி வாங்க முடியாது. 'லிங்கேஜ்' என்று சொல்வோம். எந்த நிலையத்துக்கு எந்தச் சுரங்க கம்பெனி வருஷத்துக்கு எவ்வளவு தர வேண்டும் என்று மத்திய அரசு ஒதுக்கும், அதை வைத்து அந்தக் கம்பெனியோடு எரிபொருள் வழங்கல் ஒப்பந்தம் போடுவார்கள். நமக்கு முக்கியமாக மகாநதி கோல்ஃபீல்ட்ஸ், ஒடிசாவில் தால்சேர், ஈப் பள்ளத்தாக்கு பக்கம். கொஞ்சம் மேற்கு வங்கத்தில் ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ், கொஞ்சம் தெலங்கானாவில் சிங்கரேணி. ஒப்பந்த அளவில் இத்தனை சதவீதமாவது தர வேண்டும் என்று குறித்திருப்பதற்குக் கீழே கொடுத்தால் அவர்களுக்கு அபராதம், அதே மாதிரி நாம் எடுக்காமல் விட்டால் நமக்கு அபராதம். காகிதத்தில் அப்படி. வேகன் கிடைக்காமல் போனால் சுரங்கக்காரர் "நான் வெட்டி வைத்திருக்கிறேன், ரயில்வேயைக் கேள்" என்பார், ரயில்வே "லோடு ரெடியாக இல்லை" என்பார்கள். நடுவில் நாம்.

கப்பல் விஷயம் தெரிந்த ஆள் இங்கேயே ஒருவர் இருக்கிறார், அவர் வந்து சொல்லட்டும்.

கடல்காகம்:

கூப்பிட்டதால் வந்தேன் சார்.

ஓமலூரான், தால்சேரிலிருந்து மேட்டூர் ரயில் பாதையில் 1,500 கிலோமீட்டருக்கு மேல். தால்சேரிலிருந்து பாரதீப் துறைமுகம் சுமார் 200 கிலோமீட்டர்தான். ரயில்வேக்கு வேகன் என்பது திரும்பி வர வேண்டிய பொருள். பாரதீப் போன ரேக் சீக்கிரம் காலியாகித் திரும்பி அடுத்த லோடு எடுக்கும், அதே ரேக்கை மேட்டூர் வரை விட்டால் எப்போது திரும்பும் என்று அவர்களுக்கே தெரியாது. ஹவுரா சென்னை பாதை ஏற்கெனவே எக்ஸ்பிரஸ் வண்டிகளால் நெரிகிறது, அதில் 4,000 டன் சரக்கு ரயில் ஓரம் கட்டி நின்று நின்றுதான் வரும். நேர் ரயிலில் வரவே வராது என்றில்லை, சில சமயம் வருகிறது, ஆனால் மொத்தத் தேவையையும் அப்படி ஓட்ட முடியாது.

கப்பலில் ஒரே நடையில் 70,000 டன் வரை வரும். அதாவது பதினெட்டு ரேக் சரக்கு ஒரே கப்பலில். பாரதீப்பை விட்டுக் கிளம்பினால் எண்ணூர் இரண்டு நாள் சொச்சம். விசாகப்பட்டினம், ஹால்தியா வழியாகவும் வருவதுண்டு. இதற்காகவே தமிழ்நாடு அரசு 1974-ல் பூம்புகார் கப்பல் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தது. தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று சொந்தக் கப்பல்கள் இருந்தன, இப்போதெல்லாம் பெரும்பாலும் டெண்டர் விட்டு வாடகைக்கு எடுத்த கப்பல்கள்தான்.

எண்ணூர் துறைமுகமே (இப்போது காமராஜர் துறைமுகம்) முதலில் நிலக்கரிக்காகக் கட்டியதுதான், 2001-ல் திறந்தார்கள். அங்கே இறக்குவது கன்வேயரிலேயே வடசென்னை நிலையத்துக்குப் போய்விடும். தூத்துக்குடியிலும் அப்படித்தான், ஜெட்டியிலிருந்து பெல்ட்டில் நேராக யார்டு (கரியைக் குவித்து வைக்கிற மைதானம்). இந்த ரெண்டு ஊருக்கும் கப்பலை விட்டால் வேறு யோசிக்கவே வேண்டாம். கடலோரம் இல்லாத மேட்டூர்தான் பாவம், அதற்குத்தான் அந்த இரண்டாவது ரயில் பயணம். காரைக்கால் துறைமுகத்தில் வெளிநாட்டுச் சரக்கை இறக்கி மேட்டூருக்கு ரேக் விட்டதும் உண்டு.

ஒரு விஷயம் சொல்லணும், இதை வெளியே யாரும் பேசுவதில்லை. கப்பலில் எத்தனை டன் இருக்கிறது என்று தராசு வைத்து நிறுப்பதில்லை. டிராஃப்ட் சர்வே என்று, சர்வேயர் சின்னப் படகில் கப்பலைச் சுற்றிப் போய் முன்னால், நடுவில், பின்னால் என்று ரெண்டு பக்கமும் தண்ணீர் எந்த எண் வரைக்கும் நிற்கிறது என்று படிப்பார். கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறதோ அதை வைத்துக் கணக்கு. தண்ணீரின் அடர்த்திக்கு ஒரு சாம்பிள் எடுப்பார், பேலஸ்ட் தண்ணீர் (கப்பல் நிலையாக நிற்க அதற்குள் நிரப்புகிற தண்ணீர்), கப்பலின் எண்ணெய் எல்லாம் கழிப்பார். அலை ஆடுகிற நாளில் அந்த எண் இரண்டு விரற்கடை மேலே கீழே போகும், இவர் நடுவில் ஒன்றை எடுக்க வேண்டும். இவ்வளவு பெரிய கப்பலில் ஒரு சென்டிமீட்டர் என்பது பல பத்து டன்.

எதிர்க்கேள்வி:

எல்லாம் சரி சார், கப்பல் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் கேட்டவர் கேட்டது இந்தோனேசியா பற்றி. அதை இருவருமே நைசாகத் தாண்டிவிட்டீர்கள். 2014 வாக்கில் வந்த இந்தோனேசிய நிலக்கரியில் மட்டமான சரக்கை உயர்தரம் என்று விலை போட்டார்கள் என்று 2024 மே மாதம் வெளிநாட்டுப் பத்திரிகையிலேயே வந்தது (சம்பந்தப்பட்ட கம்பெனி மறுத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்). 2021 ஆகஸ்டில் அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில்பாலாஜியே வடசென்னையில் பதிவேட்டில் இருக்கிற 2.38 லட்சம் டன் யார்டில் இல்லை என்று சொன்னார். கப்பலை எட்டிப் பார்த்து டன் கணக்கு போடுகிற ஊரில் லட்சம் டன் காணாமல் போகாமல் என்ன செய்யும்?

அப்புறம் சொந்தச் சுரங்கம் என்னாயிற்று? சத்தீஸ்கரில் காரே பெல்மா மகாராஷ்டிராவோடு சேர்ந்து கிடைத்தது, 2014-ல் சுப்ரீம் கோர்ட் 204 ஒதுக்கீட்டை ரத்து செய்தபோது அதுவும் போனது. 2016-ல் ஒடிசாவில் சந்திரபிலா கொடுத்தார்கள். அங்கிருந்து ஒரு கூடை கரி வந்ததா?

கணக்குப்பிள்ளை:

எதிர்க்கேள்வி சொன்னதில் பாதி நியாயம், மீதியைக் கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இதில் எல்லோரும் டன் டன் என்று பேசுவதுதான் குழப்பமே. மின்நிலையத்துக்கு வேண்டியது டன் இல்லை, சூடு.

நம் பழைய நிலையங்களில் ஒரு யூனிட் கரண்டுக்கு சுமார் 2,500 கிலோகலோரி வெப்பம் வேண்டும் என்று வையுங்கள். ஒடிசா சரக்கு பெரும்பாலும் ஜி13 தரம், இல்லை அதற்குக் கொஞ்சம் முன்பின். ஜி13 என்றால் கிலோவுக்கு 3,401-லிருந்து 3,700 கிலோகலோரி. 3,400 கிடைத்தால் ஒரு யூனிட்டுக்கு 735 கிராம் எரிக்க வேண்டும். 5,000 கிலோகலோரி இறக்குமதிச் சரக்கு என்றால் அரை கிலோ போதும். ஆகவே ஒரு டன் என்ன விலை என்று ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தப்புக் கணக்கு, ஆயிரம் கிலோகலோரி நம் யார்டுக்கு வந்து சேர என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் பெரும்பாலான வருஷங்களில் உள்நாட்டுச் சரக்குதான் மலிவு. 2022-ல் உக்ரைன் போருக்குப் பிறகு உலகச் சந்தையில் உயர்ரக நிலக்கரி டன்னுக்கு 400 டாலரைத் தாண்டியது. அந்த நேரம் பார்த்துத்தான் எல்லா மாநிலமும் 10 சதவீதம் இறக்குமதி செய்து கலக்க வேண்டும் என்று மத்திய மின்துறை உத்தரவு போட்டது, கலக்காவிட்டால் உள்நாட்டு ஒதுக்கீடு குறையும் என்ற மிரட்டலோடு. அந்த வருஷத்து இறக்குமதியில் வாரியத்தின் ஆசை கொஞ்சம், கட்டாயம் நிறைய.

ஒடிசா சரக்கின் விலை அமைப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். சுரங்க வாசலில் அடிப்படை விலை டன் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே. அதன் மேல் 14 சதவீதம் ராயல்டி, இன்னும் சில்லறை வரிகள், பிறகு ரயில், பாரதீப் துறைமுகம், கப்பல், எண்ணூர் துறைமுகம், மேட்டூர் என்றால் இன்னொரு ரயில். சரக்கை விட வழிச்செலவு அதிகம். இதில் 2016-லிருந்து டன்னுக்கு 400 ரூபாய் செஸ் வேறு இருந்தது. தரம் எதுவானாலும் ஒரே 400, அதாவது மட்டமான கரி வாங்கியவனுக்குத்தான் அதிக அடி. 2025 செப்டம்பர் 22-லிருந்து அந்த செஸ்ஸை எடுத்துவிட்டு ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 சதவீதமாக ஆக்கினார்கள். வரி ஏறியதாகப் பேப்பரில் பார்த்தவர்கள் பயந்தார்கள், நம்மைப் போல மலிவுச் சரக்கு வாங்குகிறவர்களுக்கு உண்மையில் அது குறைவு.

வயிற்றெரிச்சல் எது தெரியுமா? ஒடிசா நிலக்கரியில் 40 சதவீதம் வரை சாம்பல். ரயில், கப்பல், ரயில் என்று வாடகை கொடுத்து நாம் இறக்குவதில் ஐந்தில் இரண்டு பங்கு எரியவே எரியாத மண். அதை மறுபடி தண்ணீரில் கரைத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்பவும் செலவு. 500 கிலோமீட்டருக்கு மேல் போகிற கரியில் சாம்பல் 34 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி இருந்தது, கழுவி அனுப்பச் சொல்லி. 2020 மே மாதம் அதை நீக்கிவிட்டார்கள். நம் மாதிரி தூரத்து மாநிலத்துக்கு அது நல்லதல்ல என்பது என் கருத்து, கழுவினால் விலை ஏறும், கழுவுகிற இடத்தில் எரிகிற கரியும் கொஞ்சம் வீணாகும் என்று எதிர்வாதமும் இருக்கிறது.

காணாமல் போன 2.38 லட்சம் டன் பற்றி: திருட்டா இல்லையா என்று நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. ஆனால் பதிவேடு எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ரயிலில் ஏறும்போது ஒரு எடை, கப்பலில் மேலே சொன்ன டிராஃப்ட் சர்வே, கன்வேயரில் ஓடுகிற பெல்ட்டிலேயே நிறுக்கிற கருவி, யார்டில் குவியலின் கன அளவை அளந்து அடர்த்தியால் பெருக்குவது. நாலும் நாலு எண் காட்டும். வித்தியாசத்தை மாதாமாதம் எழுதித் தீர்க்காமல் தள்ளிக்கொண்டே வந்தால் ஒருநாள் லட்சக்கணக்கில் வந்து நிற்கும். திருடனுக்கும் அந்த இடைவெளிதான் வசதி. அதனால் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

சந்திரபிலா: ஒரு கூடை கூட வரவில்லை, நீங்கள் சொன்னது சரி.

பழைய பாய்லர்:

கணக்குப்பிள்ளை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இறக்குமதிச் சரக்கை இஷ்டத்துக்குக் கலக்க முடியாது. நம் பாய்லர், மில் (கரியை மாவாக அரைக்கிற இயந்திரம்) எல்லாம் சாம்பல் அதிகமான கரிக்கு வடிவமைத்தவை. இந்தோனேசியக் கரியில் எளிதில் பற்றிக்கொள்ளும் வாயு அதிகம், மில்லுக்குள்ளேயே தீப்பிடிக்கும். யார்டில் நாலு வாரம் சும்மா கிடந்தாலே தானாகப் புகையும். வெயில் காலத்தில் காலை ஷிப்ட் போனால் குவியலில் அங்கங்கே வெள்ளையாகப் புகை எழும், ஒரு மாதிரி கெட்ட வாடை வரும், புல்டோசரை ஏற்றி மிதித்து மிதித்து இறுக்குவார்கள், காற்று உள்ளே போகக்கூடாது. அதில் தண்ணீர் அடித்தால் அந்த ஈரமும் எடையாகத்தான் கணக்கில் ஏறும், கலோரி இறங்கும். ஒடிசா கரியில் வேறு தொல்லை, கல். பெல்ட்டில் மேக்னட் வைத்து இரும்பைப் பிடிக்கலாம், கல்லை ஆள் நின்றுதான் பொறுக்க வேண்டும்.

ஓமலூரான்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம். 2022 ஏப்ரலில் எங்கள் பக்கம் ராத்திரியெல்லாம் கரண்ட் போனது, நிலக்கரி இல்லை என்றார்கள். கரி கெட்டுப்போகிற பொருளா என்ன, முன்கூட்டியே நிறைய வாங்கிக் குவித்து வைக்க வேண்டியதுதானே?

பழைய பாய்லர்:

குவிக்க வேண்டும் என்றுதான் விதியும் சொல்கிறது தம்பி. சுரங்கத்துக்குத் தூரமான நிலையங்கள் பருவத்தைப் பொறுத்து 20-லிருந்து 26 நாள் கரி வைத்திருக்க வேண்டும். மேட்டூருக்கு 26 நாள் என்றால் (முழு மூச்சாக இல்லை, 85 சதவீத ஓட்டம் என்று வைத்துத்தான் கணக்கு) ஐந்தரை லட்சம் டன் பக்கம் வரும். அத்தனைக்கும் முன்பணம் வேண்டும், அது வாரியத்திடம் இருந்தால்தானே.

காசு இருந்தாலும் பருவம் ஒத்துழைக்காது. நமக்குக் காற்றாலை சீசன் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. அப்போது முப்பந்தல், பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும், அனல் யூனிட்களைக் குறைத்து ஓட்டுவோம், சிலதை நிறுத்தியே வைப்போம். கரி சேர்க்க அதுதான் நேரம். ஆனால் அதே ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில்தான் ஒடிசாவில் மழை கொட்டும், திறந்தவெளிச் சுரங்கத்தில் தண்ணீர் நிற்கும், வருகிற கரியும் சேறாக வந்து பங்கரில் (மில்லுக்கு மேலே இருக்கிற கரித் தொட்டி) ஒட்டிக்கொள்ளும். நமக்கு வசதியான நேரத்தில் அவர்களால் கொடுக்க முடியாது. 2021 அக்டோபரில் நாடு முழுக்கத் தட்டுப்பாடு வந்ததும் அந்த மழைக்குப் பிறகுதான்.

2022 ஏப்ரல் கதை வேகன் கதை. தால்சேரிலிருந்து துறைமுகத்துக்கு நாளைக்கு 22 ரேக் வேண்டும், சராசரியாக 14-தான் வருகிறது, 72,000 டன் தேவைக்கு 50,000 டன்தான் கிடைக்கிறது என்று முதல்வர் பிரதமருக்குக் கடிதமே எழுதினார். அந்தச் சமயத்தில் நிலக்கரி வண்டிக்கு வழிவிடப் பயணிகள் ரயில்களையே ரத்து செய்தார்கள்.

எதிர்க்கேள்வி:

வாரியத்துக்கு கேஸ் நிலையமும் இருக்கிறதே, அதை வைத்துச் சமாளிக்க முடியாதா?

பழைய பாய்லர்:

வழுதூர், குத்தாலம், திருமாக்கோட்டை மூன்றும் சேர்த்தே 400 மெகாவாட் கூட வராது. காவிரிப் படுகையில் எடுக்கிற எரிவாயு குழாயில் வருகிற அளவுக்குத்தான் ஓடும், கூடக் கேட்டால் கிடைக்காது. பேசின் பிரிட்ஜ் 120 மெகாவாட், நாப்தா என்ற பெட்ரோலிய எரிபொருளில் ஓடுவது, அதன் விலையைக் கேட்டால் ஓட்டவே மனசு வராது.

கணக்குப்பிள்ளை:

ஓமலூரான், தினமும் நிலவரம் பார்க்க ஆசை என்றால் மத்திய மின்சார ஆணையம் நாள்தோறும் நிலையவாரியாக நிலக்கரி அறிக்கை போடுகிறது. அன்றைக்கு வந்தது, எரித்தது, கையில் இருப்பது, அதில் உள்நாடு எவ்வளவு இறக்குமதி எவ்வளவு என்று தனித்தனிக் கட்டம். இருக்க வேண்டிய அளவில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள். 25-க்குக் கீழே போனால் அந்த நிலையத்தை நெருக்கடிப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். மேட்டூர், வடசென்னை, தூத்துக்குடி மூன்றும் மாநில நிறுவனத்தின் பெயரில் இருக்கும். வல்லூரையும் தூத்துக்குடியில் இருக்கிற என்டிபிஎல்லையும் அங்கே தேடாதீர்கள், அவை கூட்டு நிறுவனங்கள், வேறு இடத்தில் வரும்.